மரியநாயகம் அண்ணை கூட்டிய ஜூரி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மரியநாயகம் அண்ணையின் மகள் அனிதா டென்மார்க்கின் மறுகோடியில் உள்ள ஹ்விடோவ்ரேயிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அங்கிள், பப்பா போயிட்டார்" என்றாள். நான் நம்பவில்லை. துக்கத்தால் நம்ப முடியவில்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல. எதையும் முதல் தடவையில் நம்புவது என் குலத்திலேயே இல்லை. ஆசுப்பத்திரியின் பெயரைக் கேட்டேன், நேரத்தைக் கேட்டேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். பிள்ளை அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு பிரெடெரிசியாவில் இருக்கும் ஒரு நண்பரிடம் விசாரித்தேன். பங்குத் தந்தையிடம் விசாரித்தேன். இருவரும் ஒரே செய்தியைச் சொன்னார்கள். அதுவும் போதாமல் மரியநாயகம் அண்ணையின் எண்ணுக்கே அடித்தேன். நாலு முறை மணி அடித்த பிறகு அவருடைய குரலே வந்து, டேனிஷ் மொழியில், செய்தி வைக்கச் சொன்னது. நான் ஒன்றும் வைக்காமல் துண்டித்தேன். அன்று வைக்காததை அவருடைய இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் பெரியவர்கள் அவரை "டொல்க் மரியநாயகம்" என்றே அறிவீர்கள். டொல்க் என்றால் இந்த நாட்டில் மொழிபெயர்ப்பாளர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் நீதிமன்ற முதலியாராக இருந்தவர். சாட்சி சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்ப்பதும், ஏழு பேர் கொண்ட தமிழ் ஜூரிமாருக்கு முன்னால் நின்று அவர்கள் முகம் கோணுவதைப் பார்ப்பதும்தான் அவருடைய வேலை. அந்த ஏழு முகங்களையும் அவர் டென்மார்க்குக்குக் கொண்டு வந்திருந்தார். வேறு பெட்டி ஒன்றும் கொண்டு வரவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ மாநகரத்தில் நாற்பது தமிழரும் நாலாயிரம் சந்தேகங்களும் இருந்தன. அவற்றில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என் சொந்த உற்பத்தி. பின்னால் நாடு முழுவதும் தமிழர் வழக்கு என்று பேசப்பட்ட விவகாரம் முளைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். கோப்புகள் அசையவில்லை. மேலிடத்தில் யாரோ அவற்றை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று நான் சொல்லித் திரிந்தேன். ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை. என் வாழ்நாளில் நான் பரப்பிய ஆயிரக்கணக்கான கதைகளில் அது ஒன்றுதான் உண்மையாகப் போனது. அதனால் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. என் மதிப்போ கோபுரத்தின் உச்சிக்கு ஏறியது, பிறகு நான் எதைச் சொன்னாலும் சனம் நம்பத் தொடங்கியது. அது அவர்களுக்கு நேர்ந்த கேடு.

மரியநாயகம் அண்ணையை உளவாளி என்று முதலில் சொன்னவனும் நான்தான். இந்த மலரில் அதை ஒப்புக்கொள்வது முறை. காரணம் மிக வலுவானது. அவர் எங்கள் எல்லோருடனும் டாக்டரிடம் வருவார், பொலிசுக்கு வருவார், கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்துக்கு வருவார். வெளியே வந்ததும் வாயைத் திறக்க மாட்டார். ஒருவனின் கதையை மற்றவனுக்குச் சொல்லாத தமிழனை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? ஒரு புதன்கிழமை அவரைச் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். யூட்லாந்துக் காற்றுக்கு எதிரே நான் மிதித்த மிதியில் சைக்கிள் இரண்டு முறை பின்னோக்கிப் போனது. அவர் நேரே நகர நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். பிடித்துவிட்டேன் என்று பின் வரிசையில் போய்க் குந்தினேன். நடந்ததோ ஒரு டேனிஷ்காரனின் களவு வழக்கு. அண்ணைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"சிங்கம், கொஞ்சம் சத்தமில்லாமல் மூச்சு விடு" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். சிங்கம் என்பது என் பெயர்.

வெளியே வந்ததும் விளங்கப்படுத்தினார். நீதிபதியின் இரு பக்கமும் இருப்பவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர், ஊர்ச்சனத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட இரண்டு பேர். விடுமுறை நாளில் சிலர் படம் பார்ப்பார்கள், அவர் அந்த இரண்டு முகங்களைப் பார்ப்பாராம். "அவை கதையைக் கேக்கேல்லை. கதை சொல்லுறவன் எப்பிடி இருக்கிறான் எண்டுதான் பாக்கினம். எங்கடை ஆக்களுக்கு அது தெரியாது" என்றார். நான் தலையாட்டினேன். உளவாளிகள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் குணத்துக்கு அடி விழுந்தது. குணம் இறைச்சித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்தவன். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்தார்கள். ஒரு பின்னேரம் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றவனை இரண்டு இளந்தாரிகள் காரணமே இல்லாமல் அடித்தார்கள். தாடையும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன. ஆறு கிழமையில் எலும்பு பொருந்தியது. மற்றது அதன் பிறகுதான் தொடங்கியது. அவனால் பஸ் தரிப்பில் நிற்க முடியவில்லை. வேலைக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்தான், பிந்தினான், பிறகு வேலைக்குப் போவதையே விட்டான். உடம்பில் ஒன்றும் இல்லையே, ஏன் வீட்டில் இருக்கிறாய் என்று கொம்யூன் அலுவலர் கேட்டார். டாக்டரின் குறிப்பும் அவனுக்கு உதவவில்லை. டாக்டர் கையைக் கொடுத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பெரிய மனிதர் ஒருவர் சுகம் விசாரிக்கும்போது மூஞ்சியை நீட்டுவது மரியாதையா? குணம் சிரித்துக்கொண்டு "நல்ல சுகம்" என்றிருக்கிறான். அவர் அதை அப்படியே எழுதி வைத்துவிட்டார். டென்மார்க்கில் பாதித் தமிழர் இப்படித்தான் தங்கள் நோயைத் தாங்களே குறிப்பிலிருந்து அழித்தார்கள்.

அடித்தவர்கள் பிடிபட்டார்கள். வழக்குக்கு நாள் குறித்தார்கள். குணத்தின் சட்டத்தரணி, எலும்புக்கு மட்டுமல்ல, மனதுக்குப் பட்ட காயத்துக்கும் இழப்பீடு கேட்கப்போவதாகச் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்றால் கொம்யூனும் அவனை நம்பியாக வேண்டும். ஏற்காவிட்டால் பொய்யன் என்ற பெயர் ஏறிவிடும். ஒரு அலுவலகத்தில் பொய்யனானவன் எல்லா அலுவலகத்திலும் பொய்யன்தான் என்றும், மனைவியின் கோப்பு அதோடு சரி என்றும் நாங்கள் எல்லோரும் அவனுக்குத் தைரியம் சொன்னோம்.

இப்படிப்பட்ட வேளையில் ஒரு நாட்டுக்கு மாபெரும் எழுத்தாளன் தேவை. குணத்தின் வாக்குமூலத்தை நான் எழுதினேன். நாலு பக்கம். ஐந்து மாதமாக அவன் கண் ஒரு விநாடிகூட மூடவில்லை. சோற்றைக் கண்டாலே வாந்தி. தலைக்குள் இரவு பகலாக இடி இடிக்கிறது. இரத்தம் கொதித்து மூக்கால் ஆவி வருகிறது என்றும் ஒரு வரி வைத்திருந்தேன். மரியநாயகம் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நாலு பக்கத்தையும் ஆற அமர வாசித்தார்.

"சிங்கம், இந்த மனிசன் இன்னும் உயிரோடை இருக்கிறானோ?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் ஜூரி கூட்டினார். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு, எங்கள் மாடிக் குடியிருப்பின் பொது அறையில், ஏழு பேர். எப்படித் தெரிந்தெடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? ஊரில் யார் யார் எதையும் நம்பாதவர்கள் என்று பார்த்துப் பொறுக்கினார். அந்தத் தகுதியில் நான் தலைவரானேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுகந்தி அக்கா இரண்டாவது ஆள், தன் கையால் போட்ட தேநீரையே முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பவர். மிச்ச ஐவரும் என் பட்டறையில் பழுத்தவர்கள். எங்கள் ஆட்களை நம்பவைத்தால் டேனிஷ்காரரை நம்பவைப்பது பெரிய காரியமில்லை என்பது அண்ணையின் கணக்கு.

குணம் எழுந்து நின்று நாலு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னான். இடி இடித்தது, ஆவி பறந்தது. அவன் முடித்ததும் சுகந்தி அக்கா தொண்டையைச் செருமினார்.

"போன சனிக்கிழமை என்ரை மகன்ரை பிறந்தநாளுக்கு வந்து ரெண்டு தரம் கொத்துரொட்டி வாங்கினனீர். அப்ப வாந்தி வரேல்லையோ?"

இன்னொருவர், கண்ணே மூடாத மனிதன் தேவாலயத்தில் எப்படிக் குறட்டை விட்டான் என்று கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. ஏழு பேரும் நம்பவில்லை. என் சொந்தப் படைப்புக்கு எதிராக நானும் கையைத் தூக்கினேன். ஜூரித் தலைவர் என்றால் நீதியாக நடக்க வேண்டும், என் படைப்போ நம்பும்படியாகவும் இல்லை. குணம் கதிரையில் சரிந்து இருந்தான். உண்மையாக நோகிறவனை ஏழு பேர் ஒரே நேரத்தில் பொய்யன் என்று சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அன்றுதான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மரியநாயகம் அண்ணை என் நாலு பக்கத்தையும் மடித்துச் சூடான தேநீர்க் கேத்தலுக்கு அடியில் வைத்தார். பிறகு குணத்துக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அதை விடு. இந்த அடியாலை உனக்கு நட்டமாய்ப் போனது ஒண்டு சொல்லு. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு நீ வைச்சிருக்கிறது."

குணம் கேத்தலுக்கு அடியில் கிடந்த தாள்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அடி விழுந்து இரண்டாம் கிழமை குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்ததாம். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு அவன் ஒப்பம் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டிய காகிதம். ஐந்து மாதமாக அவன் அனுப்பவில்லை.

"எங்கை அது?" என்று நான் கேட்டேன்.

"என்ரை லாச்சிக்குள்ளை."

"ஏன்ராப்பா?"

"அவள் ரெண்டு பிள்ளையளையும் கையிலை பிடிச்சுக்கொண்டு அந்தத் தரிப்பிலை நிக்கிறது எனக்குத் தெரியுது அண்ணை. பேனையை எடுத்தா அதுதான் தெரியுது. அவள் கடிதத்துக்கு மேலை கடிதம் போடுறாள். அரசாங்கம் பூட்டி வைச்சிருக்கெண்டு நான் பொய் எழுதுறன்."

அறை கொதித்தது. அரசாங்கத்தின் லாச்சியை நாங்கள் திட்டாத நாள் இல்லை. இங்கே எங்களவன் ஒருவன் தன் லாச்சிக்குள் தானே பூட்டி வைத்திருக்கிறான். இது வெளியே தெரிந்தால் தமிழரே தங்கள் குடும்பங்களைக் கூப்பிட விரும்பவில்லை என்று பத்திரிகைக்காரன் எழுதுவான், எங்கள் எல்லோருடைய கோப்பும் நாசம் என்று ஒருவர் கத்தினார். ஜூரித் தலைவர் என்ற அதிகாரத்தோடு நானும் தீர்ப்புச் சொன்னேன். காகிதக் கதையை மறந்துவிட வேண்டும், நாலு பக்கத்தில் வாந்தியை மட்டும் வெட்டிவிடலாம். நீதிமன்றத்தில் அதைச் சொன்னால் மனைவிக்கும் தெரிந்துவிடும் என்று குணத்தைப் பயமுறுத்தியும் பார்த்தேன். அவனுக்கு அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது.

மரியநாயகம் அண்ணை சத்தம் போடவில்லை. "ஜூரியிட்டைக் கேக்கிற கேள்வி ஒண்டுதான். நம்புறியளோ, இல்லையோ?" என்றார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சுகந்தி அக்காவின் கை முதலில் எழுந்தது. பிறகு மற்றவர்கள். கடைசியில் என்னுடையது, பாதிவரை. ஏழு.

"பொய் சொல்லுறவன் தனக்கு நட்டம் வாற பொய்யைச் சொல்லான், சிங்கம்" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "கோர்ட்டிலை உந்தக் கதையைச் சொல்லுறதோ இல்லையோ எண்டது குணத்தின்ரை முடிவு. நீங்களும் சொல்லேலாது, நானும் சொல்லேலாது."

இன்னொரு காரியமும் செய்தார். முன்கூட்டியே கதையைக் கேட்டுவிட்டேன், இந்த வழக்கில் நான் மொழிபெயர்ப்பது முறையல்ல என்று நீதிமன்றத்துக்கு அறிவித்து விலகிக்கொண்டார். நெருக்கடியில் கழன்றுவிட்டார் என்று நான் ஊர் முழுக்கச் சொன்னேன். பிரெடெரிசியாவிலிருந்து வேறு ஒரு டொல்க் வந்தார்.

வழக்கு நாள் காலை குணம் கழிவறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நாலு பக்கத்தில் நான் பொய்யாக எழுதிய வாந்தி, வெட்டிய பிறகு உண்மையாக வந்து நின்றது. அதனால், அவனுடைய சட்டத்தரணி சாட்சியாகப் பெயர் கொடுத்திருந்த என்னை நீதிபதி முதலில் கூப்பிட்டார். உள்ளே போகும் முன் நடைபாதை வாங்கில் குந்தியிருந்த மரியநாயகம் அண்ணை என் கோட்டின் நுனியைப் பிடித்து, "கண்டதை எண்ணிச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். குணம் பஸ் தரிப்பிலிருந்து திரும்பி ஓடியதை எத்தனை முறை கண்டீர் என்று அரச தரப்பு வழக்கறிஞர் கேட்டார். ஆயிரம் என்ற சொல் என் நாக்கின் நுனியில் பட்டுச்சால்வை போர்த்தி நின்றது. நான் எண்ணிப் பார்த்தேன்.

"ரெண்டு தரம்."

அவ்வளவு சின்ன எண்ணை யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நீதிபதிக்கு இடப்பக்கம் இருந்த பெண்மணி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். என் பேச்சை அதுவரை ஒருவரும் எழுதி வைத்ததில்லை.

பிறகு குணம் வந்தான். நீதிபதி வணக்கம் சொல்லிச் சுகம் கேட்டார். என்ன சொன்னான் என்று நினைக்கிறீர்கள்? "நல்ல சுகம்." பின் வரிசையில் இருந்த நான் தலையில் கை வைத்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி டாக்டரின் குறிப்பை எடுத்து, அன்றும் இப்படித்தானே சொன்னீர் என்றார். ஓம் என்றான். அப்படியானால் உமக்கு என்னதான் குறை என்று அவர் கேட்டார். குணம் கோட்டின் மார்புப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு காகிதத்தைப் பற்றிச் சொன்னான். எல்லாம் சொன்னான், மனைவிக்குப் பொய் எழுதியது உட்பட. இடப்பக்கத்துப் பெண்மணி நீதிபதியிடம் குனிந்து கேட்டுவிட்டு, அந்தக் காகிதம் இப்போது எங்கே என்றார். அவன் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். மடித்து மடித்து மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. நீதிபதி தேதியைப் பார்த்தார். வழக்குக்காகத் தயாரித்த காகிதம் என்று யாரும் சொல்ல இடமில்லை.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடவில்லை. அப்படியென்றால் குடும்பம் வருவதை நீரே விரும்பவில்லை, அப்படித்தானே என்று கேட்டார். நான் பயந்த கேள்வி அதுதான்.

"வேணும்" என்றான் குணம். "அதாலைதான் அனுப்பேல்லை."

டொல்க் அதை டேனிஷில் சொன்னார். வலப்பக்கத்து முதியவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனதுக்குப் பட்ட காயத்தையும் நீதிமன்றம் ஏற்றது. பத்திரிகையில் பஸ் தரிப்பு அடிதடி பற்றி இரண்டு வரி வந்தது, தமிழர் எவருடைய கோப்பும் அதனால் நாசமாகவில்லை. செய்தி சொல்ல நடைபாதைக்கு ஓடினேன். மரியநாயகம் அண்ணை தீர்ப்பைக் கேட்கவில்லை. "தானாய்ச் சொன்னானோ?" என்றுதான் கேட்டார். ஓம் என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குணம் ஒப்பம் வைத்துத் தபாலில் போட்டான். மனைவிக்கும் உண்மையை எழுதினான். ஒன்றரை மாதம் பதில் வரவில்லை, பிறகு வந்தது. அந்தக் காகிதம் மற்றவர்களுடையதோடு சேர்ந்து அரசாங்கத்தின் லாச்சியிலும் தன் பங்குக்குக் கிடந்தது. கடைசியில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். குணம் இன்றைக்கும் அந்தத் தரிப்பில் நிற்பதில்லை, அடுத்த தரிப்புக்கு நடந்து போய் ஏறுகிறான். நீதிமன்றம் நம்பியதால் காயம் ஆறிவிடவில்லை. நம்பாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அன்று கதிரையில் சரிந்த அவன் முகத்தைப் பார்த்த ஏழு பேருக்கும் தெரியும்.

இனி, நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் கடை வரிசையில் நிற்கும்போது எனக்குத் திடீரென்று உறைத்தது. அந்தக் காலத்தில் குணத்துக்கு டேனிஷில் ஒரு எழுத்துத் தெரியாது. அரசாங்கக் கடிதத்துக்கும் தளபாடக் கடை விளம்பரத்துக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியானால் அது என்ன காகிதம் என்று அவனுக்கு வாசித்துச் சொன்னது யார்? எங்கள் ஊரில் கடிதம் வாசிக்க நாங்கள் எல்லோரும் போனது ஒரே ஒரு மனிதரிடம். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும், அது குணத்தின் இரகசியம் என்பதால், அவனைக் காப்பாற்றக்கூடத் தன் வாயால் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்று ஏழு சந்தேகப் பிராணிகளைக் கூட்டி, கதிரை போட்டு, தேநீரும் வைத்திருக்கிறார்.

அல்லது இதுவும் என் உற்பத்தியில் ஒன்றோ என்னவோ. குணத்திடம் கேட்டேன். "ஆர் வாசிச்சதெண்டு ஞாபகமில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். மரியநாயகம் அண்ணையிடம் மூன்று முறை கேட்டேன். கடைசித் தடவை இந்த வருடம், ஆசுப்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் வைத்து.

"உனக்கு இப்ப என்ன வயசு, சிங்கம்?"

"எழுபத்தொண்டு."

"இன்னும் ஜூரித் தலைவர் வேலையை விடேல்லையோ?" என்றார். பிறகு வெயில் கண்ணில் படுகிறது, திரையை இழுத்துவிடு என்றார். இழுத்துவிட்டேன்.

இனிக் கேட்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஊருக்குச் சொன்னவன் நான், தெரியாததை அதைவிட மும்மடங்கு சொன்னவன். அப்படிப்பட்ட என்னிடம் அவர் விட்டுப்போனது பதில் கிடைக்காத இந்த ஒரு கேள்வி. இதை மட்டும் தீர்க்க நான் இனி முயலப்போவதில்லை. அவர் ஒருவனுடைய இரகசியத்தைக் காத்தார் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியம், கடைசிவரை அவர் என்னிடம் சொல்லாமல் போனதுதான். அதை நான் நம்புகிறேன்.